கறுப்புத் திரையில் ஒரு கிணறு

என் மடிக்கணினியைத் திறந்தால் ஒரு கறுப்புச் சாளரம் தானாக எழும்பும். படமும் இல்லை, பொத்தானும் இல்லை. மேலே மூன்று வரிகள் மட்டும் இருக்கும். முதல் வரியில் இங்கத்தைய நேரமும் கனடா நேரமும். இரண்டாவது வரியில் இன்றைக்கு நான் போகவேண்டிய வீடுகள். மூன்றாவது வரியில் ஓர் எண், பூச்சியத்திலிருந்து ஐந்துக்குள் ஏதாவது ஒன்று. அந்த எண்ணைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் முதல் இரண்டு வரிகளும் எப்படி வந்தன என்று சொல்லாவிட்டால் மூன்றாவது விளங்காது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிறந்தது நெடுந்தீவில். பதின்மூன்று வயதில் தெற்கே ஒரு பட்டினத்தில் ஊரார் ஒருவர் வைத்திருந்த சுருட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் கலவரம் வந்து கடையை எரித்தார்கள். உடுத்திருந்த சாரத்தோடு திரும்பி வந்தேன். பிறகு இந்தியாவில் அகதி முகாம், வன்னி, கொழும்பு, வளைகுடா என்று போயிற்று. எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. சில இடங்களில் போகச் சொன்னார்கள். பல இடங்களில், நான் ஒரு வேலையைப் பழுதாக்கிவிட்டு, யாரும் வந்து கேட்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மறதிதான். சொன்னது மறக்கும், எழுதி வைத்தது எங்கே என்று மறக்கும்.

வளைகுடாவில் ஒரு கட்டடத்துக்குக் கணினிக் கம்பி இழுக்கிற வேலை செய்தேன். என்னோடு நின்ற நேபாளக்காரன், கம்பியைப் பூட்டி முடிந்ததும் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து ஒரு சொல் அடிப்பான். கம்பியின் மறுபக்கத்தில் பதில் இருந்தால் வரிகள் வரும், இல்லாவிட்டால் வராது. அவ்வளவுதான். அதை டெர்மினல் என்றான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கேட்டால் பதில் சொல்கிறது, கேட்காவிட்டால் சும்மா இருக்கிறது. நான் வேலை செய்த முதலாளிகளில் ஒருவரும் அப்படி இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கிற இந்த இறுப்பிட்டிக்கு வந்தது ஏழு வருடங்களுக்கு முன். தெரிந்த ஒருவர் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கேட்டார், இரண்டு மாதத்துக்கென்று வந்தேன். அந்த வீட்டுக்காரர் தன் மச்சானிடம் சொன்னார், மச்சான் தன் சிநேகிதனிடம் சொன்னார். பதினான்கு வீடுகளின் திறப்புகள், ஒரு சாவிக்கொத்து அளவுக்கு, என் கையில் சேர்ந்தன. வீட்டுக்காரர்கள் எல்லாரும் கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும். நான் போய்க் கதவு யன்னல்களைத் திறந்து காற்றுப் பிடிக்க விடுவேன், கறையான் பார்ப்பேன், குழாய்களைத் திறந்து மூடுவேன், முற்றத்துப் புல்லைச் செருக்குவேன், படம் எடுத்து அனுப்புவேன். மாடு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கலைப்பேன்.

முதல் இரண்டு வருடம் பெரிய குழப்பம். ஒரே வீட்டுக்கு ஒரு கிழமையில் மூன்று தரம் போயிருப்பேன், இன்னொரு வீட்டை ஒரு மாதம் மறந்திருப்பேன். ஒருமுறை ஒரு வீட்டுப் படத்தை வேறு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். அவர் லண்டனிலிருந்து தொலைபேசியில் எடுத்து, “எங்கடை முத்தத்திலை எப்ப மாமரம் வைச்சனீர்? அதுக்கிடையிலை காய்ச்சும் போட்டுது” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அடுத்த மாதம் தன் திறப்பை வேறொருவரிடம் கொடுக்கலாமா என்று யோசித்ததாக ஊரில் இருக்கிற அவருடைய மச்சான் சொன்னார்.

மடிக்கணினி வந்தது ஒரு வீட்டுக்காரரின் மகள் மூலம். கனடாவில் கணினி வேலை செய்கிற பிள்ளை. விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய மடிக்கணினியை எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

“லினக்ஸ் போட்டிருக்கிறன், அண்ணை. கீழை விரலாலை தேய்க்கிற மவுஸ் இடம் வேலை செய்யாது. அதைப் போட்டு உரஞ்சாதேங்கோ.”

“அப்ப என்னெண்டு பாவிக்கிறது, தங்கச்சி?”

“எழுதித்தான். நீங்கள் கறுப்புத் திரை பாத்தனீங்கள் எண்டு சொன்னனீங்கள்தானே.”

ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து காட்டித் தந்தாள். எந்தச் சாளரத்துக்கும் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறதாம். அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதில் நாம் எழுதி வைப்பதெல்லாம் சாளரம் திறக்கும் ஒவ்வொரு தரமும் நடக்கும். நீளமான கட்டளைகளுக்குச் சின்னப் பெயர் வைக்கலாம். எழுத்தின் நிறத்தை மாற்றலாம். எழுதுகிற இடத்துக்கு முன்னால் என்ன தெரியவேண்டும் என்று நாமே சொல்லலாம்.

அவள் போன பிறகு நான் அந்தக் கோப்போடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். ஒரு மேற்கோள் குறியை மூட மறந்ததற்காக அது இரண்டு நாள் என்னோடு கோபித்துக்கொண்டது. தமிழில் எழுதிப் பார்த்தேன். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று எழுத்துகள் சிதறிக் கிடந்தன. ஆகவே எங்கள் பேச்சையே ஆங்கில எழுத்தில் அடித்தேன். ‘இண்டைக்கு’ என்று அடித்தால் அன்றைக்குப் போகவேண்டிய வீடுகள் வரும். ‘ஆர்’ என்று அடித்து ஒரு வீட்டின் இலக்கத்தைக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரர் எந்த நாடு, அங்கே இப்போது என்ன நேரம், நித்திரையா விழிப்பா என்று சொல்லும். இரண்டு நாட்டு நேரமும் அன்றைய வீடுகளும் சாளரம் திறக்கும்போதே மேலே இரண்டு வரியாக வரும்படி வைத்தேன். தவணை கடந்த வேலை சிவப்பில் வரும். முதலில் பச்சையும் வைத்தேன். விறாந்தை வெயிலில் பச்சை கண்ணுக்குத் தெரியவே இல்லை. எடுத்துவிட்டேன்.

நான் மிகவும் பெருமைப்பட்ட கட்டளை ‘முடிஞ்சுது’. ஒரு வேலை செய்தபின் அதை அடித்தால் அந்த வரி மறையும். மறைந்து, பதினைந்து நாள் தள்ளித் தானாகவே மறுபடி பட்டியலில் ஏறும். ஒரு வீட்டுக்கு ஒன்பது வேலை எழுதினேன். அதை மற்றப் பதின்மூன்று வீடுகளுக்கும் நகல் எடுத்தேன். ஒரே ஒரு வரி அடித்தேன், நூற்றிருபத்தாறு வேலைகளும் தங்கள் தங்கள் நாளில் போய் நின்றன. வாழ்க்கையில் முதல்தரம் எனக்கு ஒன்றும் மறக்கப்போவதில்லை என்று நினைத்தேன். வீட்டுக்காரர்களும் சந்தோஷப்பட்டார்கள். படம் சொன்ன நாளில் போயிற்று, சரியான ஆளுக்குப் போயிற்று.

அந்த ஒன்பது வேலைகளில் ஏழாவது: மோட்டரை இறக்கி இரண்டு மணித்தியாலம் கிணறு இறைக்கவேண்டும். பூட்டிய வீட்டுக் கிணறு பாவிக்காமல் கிடந்தால் இலை விழுந்து அழுகி நாறும். இறைத்துவிட்டால் புதுத் தண்ணீர் ஊறும். இதில் ஒரு பிழையும் இல்லை, பதின்மூன்று வீடுகளுக்கு.

பதினான்காவது வீடு அந்தக் கனடாப் பிள்ளையின் வீடு. என் பொறுப்பிலிருந்த வீடுகளில் குடிக்கத் தக்க தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். மற்றதெல்லாம் உப்புக் கலந்த சவர், குளிக்கவும் கழுவவும்தான் ஆகும். அங்கே கிணற்றடிக்குத் தனியாக ஒரு சின்னப் படலை உண்டு, அதைப் பூட்டுவதில்லை. வெளிநாடு போனபோதே, அயலுக்குத் தண்ணீர் எடுக்க அது திறந்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதில் அதிகம் தண்ணீர் எடுப்பது பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குறிகட்டுவான் துறைமுகத்தில், யாழ்ப்பாண பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு அடுப்பு. நயினாதீவுக்குப் போகிறவர்களும் நெடுந்தீவு வள்ளத்துக்குக் காத்திருக்கிறவர்களும் அங்கேதான் குடிப்பார்கள். வேறு இரண்டு கடைகளும் உண்டு. ஆனால் அக்காவின் கடைக்கு ஆட்கள் போவது தண்ணீருக்காக. ஒவ்வொரு நாளும் விடியும்போது கப்பியில் வாளி விட்டு இரண்டு பிளாஸ்டிக் கலன் நிரப்பி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். கணவர் இல்லை. மகள் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். அந்தக் கடைதான் இரண்டு பேருக்கும் சோறு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பட்டியலுக்குத் தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதம் தொடங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு அந்தக் கிணற்றில் மோட்டரைப் போட்டேன். மழை கண்டு பல மாதம். மோட்டர் இரண்டு மணித்தியாலம் இரையும், தண்ணீர் பின்வளவுத் தென்னைகளுக்குப் பாயும். நான் பக்கத்து மதிலில் இருந்துகொண்டு அடுத்த வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருப்பேன். ‘முடிஞ்சுது’ என்று அடிப்பேன். முதல் தரமும் இரண்டாம் தரமும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தரம் இறைத்து இரண்டு நாள் கழித்து ஒரு காரியமாகக் குறிகட்டுவானுக்குப் போனேன். அக்காவின் கடையில் நெடுந்தீவு வள்ளக்காரர் ஒருவர் கிளாசைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அக்கா, கடலிலையே தேயிலை போட்டனீங்களோ?”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “குடிக்கிறதெண்டால் குடியும், இல்லாட்டி வையும்” என்றார். அவர் வைத்தார். காசை வைத்துவிட்டு, முக்கால்வாசி குடிக்காத கிளாசையும் வைத்துவிட்டு வள்ளத்துக்குப் போனார். அக்கா அந்தக் கிளாசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே எண்ணெய்ப் படை மாதிரி ஒன்று மினுங்கியது. பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீர் அந்தக் கிணத்திலை என்ன செய்தனீர்?”

“ஒண்டும் செய்யேல்லை அக்கா. சுத்தமாயிருக்கட்டும் எண்டு இறைச்சு விட்டனான்.”

“வாளியாலையோ?”

“மோட்டராலை.”

அக்கா கிளாசை வைத்தார். “எத்தினை தரம்?”

“மூண்டு.”

“ஆவணி வெயிலிலை நல்லதண்ணிக் கிணத்துக்கு மோட்டர் போட்டனீர். நீர் நெடுந்தீவிலைதானே பிறந்தனீர்? அங்கை உதைச் செய்தால் அடிச்சுக் கலைச்சிருப்பினம்.”

வாங்கில் இருந்த ஒருவர், “அவர் சின்னனிலையே கலைபட்டுப் போனவர்தானே” என்றார். மறுபடி சிரிப்பு.

“நான் விடிய அள்ளிக்கொண்டு போறனான், நீர் பத்து மணிக்கு மோட்டர் போடுறீர். எனக்கு என்னெண்டு தெரியும்?” என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. “நல்ல தண்ணி மேலாலை கொஞ்சம்தான் கிடக்குது, தம்பி. கீழை முழுக்கக் கடல். மேலாலை பையப் பைய அள்ளினால் அது தன்பாட்டிலை இருக்கும். உறிஞ்சினால் கீழை கிடக்கிறது மேலை வரும். உம்மடை பெட்டிக்கு ஆரும் இதைச் சொல்லேல்லையோ?”

சொல்லவேண்டியவன் நான். பட்டியலை எழுதியபோது அந்த வீட்டுக்கும் ஒன்பது வேலை வந்ததே தவிர, அது நல்லதண்ணீர் என்பது எங்கும் எழுதப்படவில்லை. நகல் எடுத்தபோது பதினான்கு கிணறும் ஒரு கிணறாகிப் போனது. தெற்குக்குப் போன வயதிலேயே எனக்கு அது தெரியும். நெடுந்தீவில் எந்தக் கிணற்றில் எந்த மாதம் எத்தனை வாளி என்று பிள்ளைகளும் சொல்லும். கேட்டால் நானும் சொல்லியிருப்பேன். பட்டியல் கேட்கவில்லை.

“திரும்பி வருமோ, அக்கா?”

“சில கிணறு வரும். சிலது வராது. வராட்டி நான் கடையைப் பூட்டவேண்டியதுதான். சவர்த் தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் மற்றக் கடைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு இறுப்பிட்டிக்கு வந்தேன்.

அன்று மத்தியானம் நான் செய்தது எனக்குப் பழக்கமான வேலை. இரண்டு சாரம், மூன்று சேட், சவரப் பெட்டி, எல்லாவற்றையும் பையில் வைத்தேன். பதினான்கு திறப்புகளையும் ஒரு கயிற்றில் கோர்த்தேன். மடிக்கணினியையும் திறப்புகளையும் லண்டன்காரரின் அந்த மச்சானிடம் கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் போவதென்று நினைத்தேன். அடுத்து வருகிறவனுக்கு உதவும், எல்லாம் அதில் எழுதியிருக்கிறதே என்று ஓர் ஆறுதல். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைசியாக ஒருமுறை திறந்தேன்.

கறுப்புச் சாளரம் எழும்பியது. வரப்போகிற வேலைகளையும் காட்டச் சொன்னேன். அதில் பதினான்காவது வீடு, மோட்டர், இரண்டு மணித்தியாலம், இன்னும் பதின்மூன்று நாள்.

நான் பஸ் ஏறினாலும் அது நிற்காது. அடுத்து வருகிறவன் நல்ல மனுசனாக, சொன்னதைச் செய்கிறவனாக இருந்தால், பதின்மூன்றாம் நாள் மோட்டரைத் தூக்கிக்கொண்டு போவான். அவன் தவணை தவறினால் சிவப்பில் காட்டிக் கேட்கவும் நானே ஒழுங்கு செய்திருந்தேன். முன்பெல்லாம் நான் விட்டுப்போன பிழை அந்த இடத்திலேயே கிடந்திருக்கும். இது பதினைந்து நாளுக்கு ஒருமுறை தானாகவே எழும்பி நடக்கிற பிழை.

அந்த வரியை மட்டும் அழிக்கத்தான் நினைத்தேன். அழித்தேன். அழித்தபின், ‘முடிஞ்சுது’ என்கிற கட்டளையைத் திறந்து பார்த்தேன். பதினைந்து என்ற எண் அதற்குள் இருந்தது. அதை எடுத்தேன். அதற்குப் பதிலாக, ஒரு வேலை முடிந்ததென்று சொன்னால் ‘மறுபடி எப்போது’ என்று கேட்கும்படி எழுதினேன். பதிலை ஒவ்வொரு தரமும் நான்தான் சொல்லவேண்டும். இதை எழுதி முடிக்க மூன்று தரம் பிழை வந்தது. நிமிர்ந்தபோது மணி நாலரை. மூன்று மணி பஸ் போய்விட்டது. பஸ் போனதற்காக நான் கவலைப்படவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

அடுத்த நாள் விடிய, ஊரின் மறுகரையில் மூன்று கிலோமீற்றரில் இருந்த இன்னொரு நல்லதண்ணீர்க் கிணற்றுக்குப் போனேன். ஆளுக்கு நாலு வாளிதான் என்பது அங்கே முறை. வீட்டுக்காரரைக் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். அந்தக் கடையில் தானும் குடித்திருப்பதாகச் சொல்லி எட்டு வாளிக்கு விட்டார். இரண்டு கலனையும் கட்டிக்கொண்டு குறிகட்டுவானுக்கு மிதித்தேன். அக்கா கலன்களைப் பார்த்தார், மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தார்.

“எத்தினை நாளைக்கு?” என்றார்.

“தெரியாது. கிணறு திரும்பிற வரைக்கும்.”

“ரெண்டு நாளையிலை மூச்சு வாங்கும். பிறகு ஆளைக் காணக் கிடையாது.”

“பட்டியலிலை போட்டிருக்கிறன், அக்கா.”

“ஓம் ஓம், உந்தப் பட்டியலாலைதானே இந்த வினை.” ஆனால் கேத்திலை அடுப்பில் வைத்து, முதல் தேத்தண்ணியை எனக்குத்தான் ஊற்றினார்.

கனடாப் பிள்ளைக்கும் சொல்லவேண்டியிருந்தது. முதல் வரியைப் பார்த்தேன், அங்கே இரவு, இன்னும் படுக்கிற நேரமாகவில்லை. தொலைபேசியில் எடுத்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். திறப்பைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்ப அக்கான்ரை கடை?” என்றாள்.

“தண்ணி காவிக் குடுக்கிறன்.”

“மார்கழியிலை நான் வருவன் அண்ணை. கிணத்தடியிலை நிண்டு அம்மாவோடை வீடியோவிலை கதைக்கோணும் எண்டு இருந்தனான்.” பிறகு, “பிழை உங்களிலை மட்டும் இல்லை. இஞ்சையும் நாங்கள் எல்லாத்துக்கும் ஒரே நகல்தான் எடுக்கிறது. பிறகு ஆரும் போய்ப் பாக்கிறேல்லை” என்றாள்.

“இனி இத்தினை நாளெண்டு எண்ணி வைக்க ஏலாது, தங்கச்சி. கிணத்தை ஒவ்வொரு நாளும் கேக்கவேணும்.”

“அப்ப கணினியைக் கேக்கப் பண்ணுங்கோ” என்றாள். எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை மூன்றாவது வரி பிறந்தது. ‘ருசி’ என்று ஒரு கட்டளை எழுதினேன். அடித்தால் ‘இன்றைக்கு எத்தனை’ என்று கேட்கும். பூச்சியம் என்றால் வாயில் வைக்க ஏலாது. ஐந்து என்றால் பழைய தண்ணீர். எண்ணைக் கொடுத்தால் அன்றைய திகதியோடு ஒரு கோப்பில் எழுதி, அத்தனை நட்சத்திரக் குறி போடும். எண்ணைக் கொடுக்காவிட்டால் ‘இண்டைக்கு’ வேலை செய்யாது, இரண்டாவது வரியும் வெறுமையாகக் கிடக்கும். கிணற்றை ருசி பார்க்காமல் அன்றைய வீட்டுப் பட்டியல் எனக்குக் கிடைக்காது. அப்படித்தான் பூட்டி வைத்தேன். என்னை எனக்குத் தெரியும்.

ருசி பார்க்க என் நாக்கு உதவாது, முகாமிலும் பாலைவனத்திலும் எதையெல்லாமோ குடித்த நாக்கு. அக்காவைக் கேட்டேன்.

“என்ரை நாக்கை உம்மடை பெட்டிக்குள்ளை விடச் சொல்லுறீர்.”

“ஒரு நம்பர்தான், அக்கா. பூச்சியத்திலையிருந்து அஞ்சு.”

“மகள்தான் படிக்கப் போனவள். இப்ப எனக்கும் சோதினை வைக்கிறீர்.”

ஆனாலும் ஒவ்வொரு நாளும் விடிய, கடைக்குப் போகுமுன், கிணற்றிலிருந்து ஒரே ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டுத் துப்பினார். பூச்சியம். அடுத்த நாள் பூச்சியம். மூன்று கிழமைக்கு மேல் பூச்சியம். கோப்பில் திகதிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, நட்சத்திரம் ஒன்றுமில்லை. நான் கலன் காவினேன். ஒரு நாள் பின்சில்லுக் காற்றுப் போய், கடைசி ஒரு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு நாள் ஒரு கலன் விழுந்து வெடித்தது. புதுக் கலன் வாங்கினேன்.

புரட்டாதி நடுவில் ஒரு நாள் அக்கா துப்பவில்லை. விழுங்கினார். “அரை” என்றார்.

“அரை போட ஏலாது, அக்கா. முழு எண்தான்.”

“அப்ப உம்மடை பெட்டியைத் திருத்தும். நான் பொய் சொல்லமாட்டன்.”

திருத்தினேன். அரைக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் போட்ட அன்று காலை, கறுப்புத் திரையில் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவே கேட்கத் தொடங்கிவிட்டார். “நேற்று எத்தினை போட்டனீர்? போன கிழமை இதே நாள்?” நான் வாசிப்பேன். கடையில் வள்ளக்காரர்களும் கேட்டார்கள். “இண்டைக்குக் கிணறு எப்பிடியாம்?” என்பார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளை விசாரிப்பது மாதிரி.

மழைக்கு முன் ஒரு வேலை செய்தேன். பதினான்காவது வீட்டுக் கூரைத் தண்ணீர் எல்லாம் வெளியே ஒழுங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூரை ஓரத்துப் பீலியைத் திருப்பி, கிணற்றிலிருந்து பன்னிரண்டடி தள்ளி ஒரு கிடங்கு வெட்டி, அதற்குள் கல்லும் மணலும் போட்டேன். கூரைத் தண்ணீர் அதற்குள் இறங்கி நிலத்துக்குப் போகட்டும் என்று. கல் நிலம், குத்தக் குத்த அலவாங்கில் தீப்பொறி பறந்தது. நாலு நாள் எடுத்தது. கை கொப்பளித்து உடைந்தது. கனடாப் பிள்ளைக்குப் படம் அனுப்பினேன். அவள் அதைத் தாய்க்குக் காட்டினாளாம். தாய், இதை முப்பது வருடத்துக்கு முன் செய்திருக்கலாமே என்றாராம்.

ஐப்பசியில் மழை வந்தது. முதல் மழைக்கு எண் ஏறும் என்று இருந்தேன், இறங்கியது. கலங்கல். அக்கா, “பொறும்” என்றார். நான் பொறுத்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. கிடங்கு நிரம்பும், இரண்டு மணித்தியாலத்தில் வற்றும். நிரம்பும், வற்றும். கார்த்திகை தொடங்கியபோது ஒன்றரை. ஒரு கிழமை ஒன்றரையிலேயே நின்றது. பிறகு இரண்டு. மழையில் நனைந்துகொண்டு கலன் காவுவது வெயிலில் காவுவதைவிட லேசு என்று அப்போதுதான் தெரிந்தது.

கார்த்திகை முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, வழக்கம்போல இரண்டு கலனோடும் குறிகட்டுவானில் இறங்கினேன். அக்காவின் கேத்தில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. கலனை வாங்க அவர் எழும்பவில்லை.

“என்ன தண்ணி, அக்கா?”

“இரும். குடியும்.”

வாங்கில் இருந்தேன். ஆவணியில் குடிக்காமல் கிளாசை வைத்துவிட்டுப் போன அதே நெடுந்தீவு வள்ளக்காரர் பக்கத்தில் இருந்து குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸ் முக்கால்வாசி காலி. அக்கா எனக்கும் ஊற்றித் தந்தார். வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே படை இல்லை. குடித்தேன். என் நாக்கை நம்பாமல் வள்ளக்காரரைப் பார்த்தேன்.

“என்னைப் பாத்து என்ன செய்யிறது? குடியும். பிறகு வள்ளத்திலை தண்ணி கேட்டால் தரமாட்டன்” என்றார்.

“கிணத்துத் தண்ணியோ, அக்கா?”

“பின்னை? விடிய நாலு வாளி அள்ளினனான். மேலாலை.”

மடிக்கணினி பையில்தான் இருந்தது. வாங்கிலேயே திறந்தேன். ‘ருசி’ அடித்தேன். இன்றைக்கு எத்தனை என்று கேட்டது.

“எத்தினை போட, அக்கா? நாலோ?”

“மூண்டு.”

“இவர் மிச்சம் விடாமல் குடிக்கிறார். மூண்டுதானோ?”

“நாலு எண்டு சொன்னால் நீர் நாளைக்கு மோட்டரைத் தூக்கிக்கொண்டு வருவீர்.”

வள்ளக்காரருக்குப் புரையேறியது. நான் மூன்று போட்டேன். மூன்று நட்சத்திரம் விழுந்தது.

“அந்தக் கலன் தண்ணியை மரக்கண்டுகளுக்கு ஊத்திவிடும்” என்றார் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி. “நாளைக்குக் காவிக்கொண்டு வராதேயும். கடைக்கு வாறதெண்டால் வாரும்.”

பட்டியலில் அன்றைய முதல் வேலை கலன் காவுவது. ‘முடிஞ்சுது’ என்று அடித்தேன். மறுபடி எப்போது என்று கேட்டது. நாள் ஒன்றும் எழுதாமல் வெறுமனே என்டரை அழுத்தினேன். அந்த வரி போய்விட்டது. கீழே அடுத்த வேலை ஏறி வந்தது: பதினான்காவது வீடு, அறைகளைத் திறந்து காற்றுப் பிடிக்க விடவேண்டும், பிள்ளை வர இன்னும் மூன்று கிழமை.